தண்டலும் தண்டனையும்: சென்னை மாகாணக் கலெக்டரின் இரட்டை அதிகாரம் (1816–1859)

முன்னுரை

காலனிய ஆட்சியில் மாவட்டத்தின் தலைமை அதிகாரியாக விளங்கியவர் கலெக்டர். இன்று ‘மாவட்ட ஆட்சியர்’ என வழங்கும் இப்பதவியின் ஆங்கிலப் பெயர், வரி தண்டுபவர் என்னும் பொருளையே தரும். ஆயினும் சென்னை மாகாணத்தில் 1816க்குப் பின் அவர் குற்றவியல் நடுவராகவும் காவல் தலைவராகவும் இருந்தார். இவ்விணைப்பு எவ்வாறு உருவாயிற்று, குடியானவரின் முறையீட்டு உரிமையை அது எவ்வாறு பாதித்தது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

பிரிவும் இணைப்பும்

வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793இல் வகுத்த முறை, வருவாய் அதிகாரத்தையும் நீதி அதிகாரத்தையும் பிரித்தது. 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அம்முறையைச் சென்னை மாகாணத்திற்குக் கொணர்ந்தன. கலெக்டரிடம் வரித் தண்டல் மட்டும் எஞ்சியது. குற்றவியல் நடுவர் அதிகாரமும் காவலும் சில்லா நீதிபதியிடம் சென்றன.

இப்பிரிவினைத் தாமஸ் மன்றோ எதிர்த்தார். பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடின் கீழும், பின்னர் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளிலும் பணியாற்றியவர் அவர். தொலைவிலுள்ள நீதிமன்றம் ஏழைக் குடியானவர்க்குப் பயன்படாது. ஊர்தோறும் முகாமிட்டு நிலத்தையும் மக்களையும் நேரில் அறியும் கலெக்டரே விரைந்து நீதி வழங்க வல்லவர் என்பது அவர் கருத்து. 1814இல் அவர் தலைமையில் அமைந்த நீதித்துறை ஆணையத்தின் பயனாக 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. நடுவர் அதிகாரமும் காவலும் கலெக்டரிடம் சேர்ந்தன.

கீழ்நிலையில் நிகழ்ந்த மாற்றம்

இம்மாற்றம் கலெக்டரோடு நிற்கவில்லை. தாலுகாவில் தாசில்தாரும், ஊரில் மணியக்காரர், கர்ணம், தலையாரி ஆகியோரும் வருவாய்ப் பணியோடு காவல் பணியையும் ஏற்றனர். 1820இல் மன்றோ ஆளுநரானபின் ரயத்துவாரி முறை பரவலாயிற்று. ஜமீன்தார் இல்லாத ஊர்களில் ஒவ்வொரு குடியானவரும் அரசுக்கு நேரடியாகக் கடன்பட்டார். வரி நிலுவையைக் கேட்டவரும், கைது செய்ய வல்லவரும் ஒருவரே ஆயினர். தாசில்தார் மீது முறையிட விரும்பியவர், அவ்வரியைத் தண்டுமாறு பணித்த கலெக்டரின் கச்சேரிக்கே செல்ல வேண்டியதாயிற்று. குடிகளுக்கு அருகில் இருப்பவரே அவர்களைக் காப்பார் என்னும் மன்றோவின் வாதம் இவ்விடத்தில்தான் தளர்கிறது.

1855ஆம் ஆண்டு அறிக்கை

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து 1854இல் சித்திரவதை குறித்த விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். 1855இல் வெளிவந்த அவ்வறிக்கை, வரித் தண்டலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக இருந்ததை ஏற்றது. வெயிலில் நிறுத்துதல், குனிய வைத்துக் கட்டுதல், விரல்களைக் கிட்டியிலிட்டு நெருக்குதல் முதலியன அதில் பதிவாயின. தொலைவு, செலவு, அச்சம் ஆகியவற்றால் முறையிடுவது அரிதாக இருந்தமையும் சுட்டப்பட்டது.

எனினும் ஆணையம் பழியை இந்தியக் கீழ்நிலை ஊழியர் மீதே சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. கொடுமை புரிந்த கைகள் அவ்வூழியருடையவை என்பது உண்மையே. ஆனால் வரித்தொகையை விதித்ததும், குறித்த காலத்தில் தண்டுமாறு நெருக்கியதும், முறையீட்டைக் கேட்கும் இடத்தில் அமர்ந்திருந்ததும் கலெக்டரின் அலுவலகமே. தனிமனிதக் குற்றமாக அறிக்கை காட்டியதில் அமைப்பின் குற்றமும் அடங்கியிருந்தது. அடுத்து வந்த சீர்திருத்தம் இதனை மறைமுகமாக ஒப்புக்கொண்டது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவல் துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித்துறையாக்கியது.

முடிவுரை

1816ஆம் ஆண்டு இணைப்பு, குடிகளுக்கு நீதியை அருகில் கொணரும் நோக்கில் எழுந்தது. நடைமுறையில் தண்டலுக்கும் தண்டனைக்கும் இடையிலிருந்த தடையை நீக்கியது. 1859இல் காவல் பிரிந்தபோதும் நடுவர் அதிகாரம் கலெக்டரிடமே தொடர்ந்தது. நீதித்துறையை ஆட்சித்துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என இந்திய அரசமைப்பின் 50ஆம் உறுப்பு நெறிப்படுத்தியது இவ்வரலாற்றுப் பின்னணியில் பொருள்பெறுகிறது. ஆகவே, காலனியக் கலெக்டரை மதிப்பிடுவோர் தனியொருவரின் நல்லியல்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, அவருக்கு எதிராக முறையிட வேறோர் இடம் இருந்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும்.