பலகையை எழுதிவிட்டுக் கதவைத் திறவுங்கள்

முகாமைத்துவப் பயிற்சிப் பட்டறைகள் யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி நடக்கின்றன. வளவாளர்கள் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் அவர்கள் மனதில் வைத்திருக்கும் அலுவலகத்தில், முகாமையாளரும் பணியாளரும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒருவரையொருவர் காண்பதில்லை. எங்கள் நிலை வேறு. என்னிடம் வேலை செய்பவர் எங்கள் ஒழுங்கைக்காரர். அவருடைய தாய் எனக்குப் படிப்பித்த ரீச்சர். அவர்களுடைய கோயில் உபயத்தன்று நான் போய் நிற்காவிட்டால் அடுத்த நாள் கடையில் முகம் கொடுக்க முடியாது. இப்படியான ஊரில் பதவியைக் காட்டி வேலை வாங்க முடியாது.

வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, கிளை முகாமையாளராகி, பிறகு பொது முகாமையாளர் பொறுப்புக்கு வந்தவள் நான். ஒருவர் நியாயமாக நடப்பதால் மட்டும் ஊர் அவரை ஏற்றுக்கொள்ளாது, அந்த நியாயம் வாசலில் நிற்பவருக்கும் தெரியவேண்டும் என்பதைச் சங்கக்கடைதான் எனக்குப் படிப்பித்தது.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. குடாநாட்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். சாமான்கள் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் கப்பலில் வந்தால்தான் உண்டு. வந்தவை கச்சேரியின் ஒதுக்கீட்டின்படி சங்கங்களுக்குப் பிரிந்து, குடும்ப அட்டைக்குக் கொடுபட்டன. ஊரடங்குச் சட்டம் தளரும் சில மணி நேரத்துக்குள் எல்லாம் நடக்கவேண்டும். விடியமுன்னமே வரிசை பிடிக்கக் காத்திருப்பவர்கள், கடை திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு வந்தது?" என்பதுதான். அதற்கு மறுமொழி கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வி "ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

எங்கள் கிளையில் வாசலோரம் ஒரு கரும்பலகை வைத்தோம். கதவு திறக்கமுன் அதில் எழுதவேண்டும் என்பது விதி. ஒரு நாள் எழுதியது இப்படி இருக்கும்: சீனி 6 மூடை, 300 கிலோ. ஓர் அட்டைக்கு 1 கிலோ. இன்று அட்டை இலக்கம் 1 முதல் 290 வரை. மீதி 10 கிலோ நிறைக்குறைவுக்கு. மாலையில் அந்தப் பத்துக் கிலோவில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் அதன் கீழே எழுதுவோம். மிஞ்சியது அடுத்த நாள் கணக்கில் சேரும்.

அந்த நிறைக்குறைவு வரிதான் முக்கியமானது. மூடையில் இருந்து சீனியைக் கொட்டி, ஒவ்வொரு கிலோவாக நிறுத்தால் சிந்தும், சாக்கில் ஒட்டும், தராசு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சனத்தின் பக்கம் சாயும். இது கூட்டுறவில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத இடத்தில்தான் சந்தேகம் முளைக்கும். இருப்பதைச் சொல்வதோடு, ஏன் முழுவதையும் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டால் சண்டை பாதியாகக் குறைந்துவிடும். இன்றைக்கு அலுவலகங்களில் வரவுசெலவைக் குறைப்பவர்கள், மேலதிக நேரக் கொடுப்பனவை நிறுத்துபவர்கள், வெற்றிடங்களை நிரப்பாமல் விடுபவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: கெட்ட செய்தியைத் தொகையோடு, காரணத்தோடு, கதவு திறக்கமுன் சொல்லுங்கள்.

பலகையில் எழுதுவது என் வேலையாக இருக்கவில்லை. விற்பனையில் நின்ற பிள்ளைதான் எழுதும். நான் இருப்பைச் சரிபார்த்து ஓரத்தில் கையெழுத்து வைப்பேன். தன் கையால் எழுதியதை அந்தப் பிள்ளை பிறகு மாற்ற விடாது. மாற்றச் சொல்லி எவரும் கேட்கவும் கூசுவார்கள்.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. என் பெரியம்மாவே ஒரு நாள் வந்தார். "பிள்ளை, எனக்குக்கூட ஒரு கிலோ எடுத்து வைக்கேலாதே?" என்றார். "பெரியம்மா, உங்கட நம்பர் நாளைக்குத்தான் வருது. வாங்கோ, நானே நிறுத்துத் தாறன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த நாள் வந்து, வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டும் போனார். அதற்குப் பிறகு பணியாளர்களுக்கு நான் எந்த விதியையும் விளக்கவேண்டி வரவில்லை. எங்கள் எல்லோருடைய குடும்ப அட்டையும் அதனதன் இலக்கத்தில்தான் வந்தது, என்னுடையது உட்பட.

ஊரில் கொஞ்சம் செல்வாக்கான ஒருவர் வரிசையைத் தாண்டி நேரே என் மேசைக்கு வந்து, "உந்தப் பிள்ளை தராதாம், நீ ஒருக்காச் சொல்லு" என்றார். "அண்ணை, அந்தக் கவுண்டருக்கு அவதான் பொறுப்பு. அவ சொன்னாச் சொன்னதுதான்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. ஆனால் அன்றிலிருந்து அவரிடம் எவரும் குரல் உயர்த்தவில்லை. பணியாளர் எடுத்த முடிவில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். அதைக் கடை பூட்டிய பிறகு, இருவருமாக இருந்து கதையுங்கள். சனத்துக்கு முன்னால் ஒரு தடவை வெட்டிக் கதைத்தால், அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு சிறு விடயத்துக்கும் எல்லோரும் உங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். உங்கள் சொந்த வேலை ஒன்றும் நடக்காது.

இந்த இடத்தில் கூட்டுறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையிலிருந்து இந்த முறை உலகெங்கும் பரவியது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் போன்றவர்கள் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். யாழ் நகரில் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மூளாயில் 1936இல் சனம் பங்கு சேர்த்து ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக அமைத்தது. அதிபர்களும் ஆசிரியர்களும் இதற்குத் தலைமை தாங்கியது தற்செயலானதல்ல என்பது என் எண்ணம். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் பாரபட்சம் காட்டினால் அன்றைக்கே பிடிபட்டுவிடும் என்று அறிந்தவர்கள் அவர்கள். பொதுச்சபைக் கூட்டத்தில் சந்தா கட்டிய மூதாட்டி எழும்பி முகாமையாளரைக் கேள்வி கேட்கலாம். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களும், அப்படி ஒருவர் எழும்பிக் கேட்பார் என்று நினைத்து வேலை செய்தால் நல்லது.

அடுத்தது குற்றம் பிடிக்கும் விடயம். இதில்தான் நல்ல பணியாளர்களை அநியாயமாக இழக்கிறோம்.

எங்கள் சங்கத்தின் ஒரு கிளையில் மண்ணெண்ணெய் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. பெரிய குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் குறைந்தது. இயக்குநர் சபையில் சிலர் அங்கே நின்ற இளைஞரை இடைநிறுத்தவேண்டும் என்றார்கள். நான் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினேன். கிளைக்குப் போய், "தம்பி, முதல்ல அளவுத்தடியை எடும். கணக்கைப் பிறகு பாப்பம்" என்றேன். பவுசர் வருவது உச்சி வெயிலில். பீப்பாயை நிரப்பியதும் தடியை விட்டு அளந்து குறித்தோம். எவரும் தொடாமல் பூட்டிவிட்டு, அடுத்த நாள் விடியக் குளிரில் அளந்தோம். 200 லீற்றர்ப் பீப்பாயில் ஏறக்குறைய இரண்டு லீற்றர் குறைவு. மண்ணெண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பத்துப் பாகை வித்தியாசத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு மாறும். மத்தியானம் ஏற்று, காலையில் விற்றால் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. களவு எதுவும் நடக்கவில்லை. ஏற்கும் நேரத்தை மாற்றினோம், மாற்ற முடியாத நாட்களுக்குக் கழிவை எழுதி வைத்தோம், குறைவு நின்றது.

அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் யப்பானியத் தொழில் அதிபர்களுக்கு விரிவுரை செய்யப் போனவர். தவறுகளில் பெரும்பகுதி ஆட்களால் வருவதில்லை, வேலை அமைக்கப்பட்டிருக்கும் முறையால் வருகிறது, அந்த முறையைத் திருத்தக்கூடியவர் முகாமையாளர் மட்டுமே என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. அதைப் படித்தபோது அந்தப் பீப்பாய்தான் எனக்கு நினைவு வந்தது. ஆகவே, ஏதாவது பிழைத்தால் "ஆர் செய்தது?" என்று தொடங்காதீர்கள். அதே கதிரையில் வேறொருவர் இருந்திருந்தாலும் இது பிழைத்திருக்குமா என்று முதலில் பாருங்கள். பிழைத்திருக்கும் என்றால் ஆளை மாற்றிப் பயன் இல்லை.

உண்மையாகவே களவு நடக்கும் கிளையும் உண்டு. அங்கே இரக்கம் காட்டி இழுத்தடிப்பது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆதாரத்தோடு, எழுத்தில், உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும்.

கூட்டங்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவர் முதலில் கதைப்பார், பிறகு எல்லோரும் தலையாட்டுவார்கள், வெளியில் போய்த் தேநீர்க் கடையில்தான் உண்மையான கூட்டம் நடக்கும். நான் இருப்பவர்களில் ஆக இளையவரிடமிருந்து தொடங்குவேன். "எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டால் சரியென்றுதான் சொல்வார்கள். "இது பிழைச்சால் எங்கை பிழைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரியவரை எதிர்த்துக் கதைக்கிறேன் என்ற கூச்சம் இல்லாமல் வாய் திறப்பார்கள்.

இன்னொன்றை எழுதாமல் விட என் மனம் ஒப்பவில்லை. மாவிட்டபுரத்தில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடவேண்டியிருந்த மண் இது. இன்றைக்கு அலுவலகத்தில் எவரும் சாதி கதைப்பதில்லை. ஆனால் மூடை தூக்குவது ஆர், காசு மேசையில் இருப்பது ஆர், முற்றம் கூட்டச் சொல்லிக் கூப்பிடப்படுவது ஆர், எந்த வீட்டுக் கலியாணத்துக்கு எல்லோரும் போய்ச் சாப்பிடுகிறோம் என்று பார்த்தால் அது அங்கேயே இருக்கும். முகாமையாளர் செய்யக்கூடியது உண்டு. வேலைகளைச் சுழற்சிப் பட்டியலில் போட்டு, அதையும் பலகையில் எழுதுங்கள். காசு மேசைக்குத் தகுதியுள்ள எல்லோரையும் பழக்குங்கள். ஒரே கேத்தலில் ஊற்றிய தேநீரை எல்லோரோடும் இருந்து குடியுங்கள். சிலர் முறுமுறுப்பார்கள். முறுமுறுத்தாலும் பட்டியலை மாற்றாதீர்கள்.

இன்னொரு பாடம் போர்க்கால இடப்பெயர்வில் கிடைத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் சங்கத்தில் மூத்த எழுதுவினைஞர் ஒருவர் குடும்ப அட்டைப் பதிவேடுகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்தார். அவர் ஒருவருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் வழியில் விழுந்திருந்தால் எங்களிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இப்போது போர் இல்லை, ஆனால் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கனடா விசா வந்துவிட்டது என்று ஒரு மாத அறிவித்தலில் கணக்காளர் போய்விடுவார். அவரை மறித்து நிற்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு கொப்பி உண்டு: எந்தத் திகதியில் எந்த அறிக்கை, எந்தத் திணைக்களத்தில் எந்தப் பிரிவு, எந்த வழங்குநர் தவணைக்குக் கொடுப்பார். விடுமுறையில் போகிறவரின் வேலையை இன்னொருவர் அந்தக் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு செய்துபார்க்கவேண்டும். தடக்கும் இடமெல்லாம் கொப்பியில் எழுதாமல் விடுபட்ட இடம்.

2022இல் எரிபொருள் வரிசைகள் வந்தபோது, எங்கள் எரிபொருள் நிலையத்தை ஓர் இளம் பெண் உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தேன். எரிபொருள் வாங்குவதற்கான கியூஆர் முறை ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்ததும், கைத்தொலைபேசி இல்லாத முதியவர்களின் குறியீட்டை அச்சடித்துக் கொடுக்கும் யோசனை அவருடையது. மூத்த பணியாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போது அவரைப் போன்ற பட்டதாரிகள் பலர் இருபத்தைந்து வயதிலேயே பொறுப்புக்கு வருகிறார்கள், தகப்பன் வயதுள்ளவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது: முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். கிளையின் ஒரு வருடம் எப்படிப் போகும் என்று அவர்களிடம் கேளுங்கள். தைப்பொங்கலுக்கு எத்தனை மூடை அரிசி, பள்ளிக்கூடம் தொடங்கக் கொப்பி எவ்வளவு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எது தேங்கும், மாரிக்கு எந்தச் சுவர் ஒழுகும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதியதை அடுத்த வருடக் கொள்வனவுத் திட்டமாக்கி, சொன்னவர்களின் பெயரையும் போட்டு இயக்குநர் சபைக்கு அனுப்புங்கள். சபை ஏற்றுக்கொண்ட கடிதம் வந்ததும், அதைக் கிளையில் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.