மலைச் சைக்கிளும் பினாங்கு மழையும்

கேள்வி: 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு எந்த அளவு மலைச் சைக்கிள் பொருந்தும்? எந்தப் பாகத்துக்குச் செலவிடலாம்? பாலிக் புலாவிலுள்ள குடும்பத் தோட்டத்தில் சிறு தடம் ஒன்று வெட்ட முடியுமா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: மலைச் சைக்கிளின் அளவு என்பது பிரேமின் அளவு. 27.5, 29 அங்குலம் என்பவை சக்கரத்தை மட்டுமே குறிக்கும். 165 செ.மீ. உயரம் பெரும்பாலான தயாரிப்புகளில் 'எஸ்', 'எம்' இரண்டுக்கும் நடுவே விழும். அங்கே முடிவு சொல்வது 'ரீச்': பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில் பொருந்தும் குழாயின் தலைவரை உள்ள கிடைத் தூரம். எழுந்து நின்று ஓட்டும்போது கை எவ்வளவு எட்ட வேண்டும் என்பது இதில் தெரியும். மரங்கள் நெருங்கி, சட்டெனத் திரும்பும் காட்டுத் தடங்களில் சிறிய அளவே கைக்கு அடங்கும். தரையில் கால் ஊன்றி நிற்கையில் மேற்குழாய்க்கு மேல் 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். இருக்கை உயரத்துக்கு உட்கால் நீளத்தை 0.88 ஆல் பெருக்குவது வழக்கம், 76 செ.மீ. காலுக்குப் பெடல் அச்சிலிருந்து ஏறத்தாழ 67 செ.மீ. வரும்.

முதல் செலவு பிரேக்குக்கே. தாவரவியல் பூங்காவருகே தொடங்கும் ஜீப் பாதை, ஏறத்தாழ 5 கி.மீ.க்குள் பினாங்கு மலையின் மேல்தளத்தை எட்டிவிடுகிறது. இத்தகைய செங்குத்துச் சரிவில் இறங்கும்போது டிஸ்க் கொதிக்கும். எனவே ஹைட்ராலிக் பிரேக்கும், முன்சக்கரத்தில் 180 மி.மீ. டிஸ்க்கும் தேவை. சேறும் மணலும் அரைக்கும் மழைக்காலத்தில் ரெசின் பேடு சீக்கிரம் தேயும். உலோகப் பேடு தாங்கும். 'டாட்' வகை பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுவது நல்லது. அடுத்தது டியூப் இல்லாத 2.4 அங்குல டயர். இவ்விரண்டும் சரியாக அமையாமல் கார்பன் பிரேமுக்குக் காசைக் கொட்டுவது வீண்.

தடம் வெட்டுவதில் பாதி வேலை தண்ணீரைப் பற்றியது. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. அந்தக் கல் சிதைந்த மணல்கலந்த மண்ணை ஓடும் நீர் எளிதில் அரித்துவிடும். 2017 நவம்பர் பெருமழையில் பினாங்கு மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே தடம் சரிவின் நேர்க்கோட்டில் இறங்கக் கூடாது, குறுக்கே போக வேண்டும். தடத்தின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டாமல், சராசரியாக 100 அடிக்கு 10 அடி இறக்கத்துக்குள் இருப்பது உலகெங்கும் தடம் அமைப்போர் கடைப்பிடிக்கும் விதி. தடத்தின் மேற்பரப்பு பள்ளப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இடையிடையே தடம் சிறிது ஏறி இறங்கினால் நீர் அங்கேயே வெளியேறிவிடும்.

வளைவில் மண்கரை எழுப்புமுன் இலைமக்கை முழுதும் அகற்றி, அடிமண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். கரை நீரைத் தேக்கும் என்பதால் வளைவுக்கு முன்பே வடிகால் அவசியம். தாவுமேட்டில் நடுப்பள்ளத்தை நிரப்பித் தட்டையாக்கினால், தாவல் குறைந்தாலும் ஓட்டுபவர் பள்ளத்தில் விழமாட்டார்.

76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் பினாங்கில் மலைநிலக் கட்டுப்பாட்டுக்குள் வரும். சொந்தத் தோட்டமானாலும் மண் வெட்டுமுன் மாநகர் கழகத்தைக் கேட்க வேண்டும். ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். தடம் முடிந்த பின், முதல் பெருமழை விட்டதும் மண்வெட்டியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் தேங்கிய இடங்களைத் திருத்திய பிறகே சைக்கிளை இறக்குங்கள்.