மனசு சரியில்லையா? கேக் வேண்டாம், பன் போடுங்கள்

மனசு சரியில்லாத நாளில் கேக் செய்யாதீர்கள் என்பேன். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். கலந்த மாவை உடனே அவனில் வைத்தாக வேண்டும். கூடுதலாகக் கலக்கினால் கேக் கல்லாகிவிடும். வெண்ணெயும் முட்டையும் ஃபிரிட்ஜ் குளிர் போயிருக்க வேண்டும். ஏற்கெனவே நொந்துபோன ஆளுக்கு இத்தனை கண்டிப்பு எதற்கு? அதன்மேல் ஐசிங், ஸ்டேட்டஸில் படம் வேறு.

பன் மாவு சாது. 250 கிராம் மைதா, 1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 1 டீஸ்பூன் உப்பு, 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான பால், கடைசியில் கொஞ்சம் வெண்ணெய். பால் விரலைச் சுடக் கூடாது, ஈஸ்ட் செத்துவிடும். பிறகு 10 நிமிடம் பிசைய வேண்டும். கோபம் இருந்தால் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். அடித்து, இழுத்து, மடிக்க மடிக்க குளூட்டன் இறுகி மாவு நன்றாகத்தான் வரும். கையெல்லாம் மாவாக இருப்பதால் போன் அடித்தாலும் எடுக்க முடியாது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

சப்பாத்திக்கும் பிசைகிறோமே என்று கேட்கலாம். சப்பாத்திக்கு வீட்டில் யாராவது பசியோடு காத்திருப்பார்கள். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் நான் செய்ததெல்லாம் பிறருக்குத் தேவைப்பட்ட வேலைகள். பன் மட்டும்தான் யாரும் கேட்காமல் செய்தது.

மூடி வைத்த மாவு இரட்டிப்பாக வேண்டும். சென்னை வெயிலில் முக்கால் மணி நேரம் போதும், மார்கழியில் இன்னும் பிடிக்கும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள், படுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தெம்பில்லையா? மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தொடரலாம். சொல்லப்போனால் ருசி கூடத்தான் செய்யும். பாதியில் விட்டாலும் கெடாத வேலை வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

6 உருண்டையாகப் பிடித்து, மறுபடி உப்பியதும், முன்பே சூடாக்கிய ஓடிஜியில் 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓடிஜி இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் ஸ்டாண்டு போட்டு, மூடி, சிறுதீயில் வைக்கலாம். மேல்புறம் சிவக்காது, அவ்வளவுதான்.

என் விதிக்கு எதிர்சாட்சியும் உண்டு. அயர்லாந்து எழுத்தாளர் மரியன் கீஸ் கடும் மனச்சோர்வில் இருந்தபோது கேக்காகச் செய்து தள்ளினார். 2012-இல் ‘சேவ்ட் பை கேக்’ என்று புத்தகமே போட்டார். ஆனால் அது நோயைக் குணப்படுத்தியதாக அவரும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, ஆறையும் நீங்களே சாப்பிடாதீர்கள். துக்கத்தில் கை தானாக டப்பாவுக்குப் போகும். இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா அப்பாவைப் பற்றிக் கேட்கவே மாட்டார். “உள்ளே தேங்காய்ப் பூரணம் வைக்கக் கூடாதா?” என்பார். அடுத்த தடவைக்கு அது போதுமாக இருந்தது.