மஞ்சள் கரிசலாங்கண்ணியா, அழகுக் கொடியா? இலையைப் பார்த்து அறியும் வழி

சித்த வைத்தியத்தில் மஞ்சள் காமாலைக்கும் ஈரல் கோளாறுகளுக்கும் சொல்லப்படும் மூலிகைகளுள் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் ஒன்று. பொற்றலைக் கையாந்தகரை என்றும் இதற்குப் பெயர் உண்டு. கீரையாகவும் சமைத்து உண்பார்கள். ஈரப்பாங்கான இடத்தில் எளிதில் படரும். தென்னை, வாழை நிழலிலும் வாய்க்கால் கரையிலும் இடத்தை வீணாக்காமல் வளர்க்கலாம்.

ஆனால் இதே பெயரில் வேறொரு கொடியும் பல இடங்களில் கைமாறி வருகிறது. பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தரையை மூடுவதற்காக நடப்படும் அழகுக் கொடி அது. சிங்கப்பூர் டெய்சி, வெடீலியா என்று நர்சரிகளில் சொல்வார்கள். தவறிப்போய் அதை நட்டால் உழைப்பு வீணாகும். மூலிகை வாங்குபவர் சரக்கைத் தள்ளிவிடுவார். மருந்து என்று எண்ணி உண்பவருக்கோ உரிய மருந்து கிடைக்காது.

குழப்பம் ஏன்?

இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் காண்பது உண்மையில் பல சிறு பூக்களின் கொத்து. ஓரத்தில் இதழ் போல் நிற்பவையும் தனித்தனிப் பூக்களே. இந்த இரண்டு கொடிகளும் மிக நெருங்கிய உறவு உடையவை. 1996ஆம் ஆண்டில் தாவர வல்லுநர்கள் இரண்டையும் ஸ்பாக்னெட்டிகோலா என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். இரண்டின் பூவும் மஞ்சள்; இரண்டும் தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். ஆகவே பூவை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாற நேரிடும். முதலில் பார்க்க வேண்டியது இலையை.

இலையில் உள்ள வேறுபாடு

மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். ஓரம் பெரும்பாலும் நேராக இருக்கும். சில இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பல் காணலாம். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். இலையில் பக்க மடல் இராது.

அழகுக் கொடியின் இலை அகலமானது. சற்றுத் தடித்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். ஓரத்தில் பற்கள் தெளிவாகத் தெரியும். இலையின் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, நடுநுனியோடு சேர்த்து மூன்று பிரிவாகத் தோன்றும். இதன் அறிவியல் பெயரில் வரும் ‘ட்ரைலோபேட்டா’ என்ற சொல்லுக்கே மூன்று மடல் உடையது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழகுக் கொடியின் எல்லா இலைகளிலும் மடல் இராது. இளந்தண்டில் மடல் இல்லாத இலைகளும் வரும். ஆகையால் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே கொடியில் அடி, நடு, நுனி என்று பத்து இலைகளையாவது பார்க்க வேண்டும். ஓர் இலையில் மூன்று மடல் தெரிந்தாலும் அது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல.

உருவத்தில் ஒத்த வேறு செடிகள்

வெட்டுக்காயப் பூண்டு எனப்படும் மூக்குத்திப் பூண்டும் இதே குடும்பம்தான். இதன் பூவின் நடுப்பகுதிதான் மஞ்சள். சுற்றிலும் உள்ள நாலைந்து இதழ்கள் வெளிறியிருக்கும். பூக்காம்பு மிக நீளம். இலையில் ஆழமான பற்களும் நிறைய ரோமமும் உண்டு. காய்ந்த விதை பஞ்சுடன் காற்றில் பறக்கும்.

கடற்கரையோரங்களில் மஞ்சள் பூவுடன் புதராகச் சாய்ந்து ஏறும் இன்னொரு உறவுச் செடியும் உண்டு. அதன் இலை அகன்று, பற்களுடன், தெளிவான காம்போடு இருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம்.

வெள்ளைப் பூவுள்ள கரிசலாங்கண்ணி வேறு இனம். அதன் பூ வெண்மையாகச் சிறுத்திருப்பதால் குழப்பம் இல்லை.

தண்டு வாங்கும்போது

பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் தாய்க்கொடியைப் பார்த்து வாங்குவது நல்லது. அது முடியாதபோது, நாலைந்து கணு உள்ள சில தண்டுகளை மட்டும் வாங்கி முதலில் தொட்டியில் வளர்க்க வேண்டும். கொடி நன்கு படர்ந்து பூத்த பின் இலைகளைச் சோதித்து, அதன் பிறகே வயலில் நடலாம். சந்தேகம் தீராவிட்டால் பூவும் இலையும் உள்ள ஒரு கிளையை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

தவறான கொடி வந்துவிட்டால்

அழகுக் கொடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இன்று பல நாடுகளில் களையாகப் பரவிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட, உலகின் மிக மோசமான 100 அன்னிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. அறுந்த தண்டுத் துண்டே வேர்விட்டு முளைக்கும். ஆகவே அரிவாளால் அறுத்து வாய்க்காலில் எறியக் கூடாது. தண்ணீர் அதைக் கீழ்வயலுக்குக் கொண்டு சேர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, துண்டுகளையும் பொறுக்கி, காய்ந்த களத்தில் பரப்பி நன்கு உலரவிட வேண்டும். பச்சையாக எருக்குழியில் போட்டால் அங்கிருந்தே மீண்டும் தழைக்கும். சில வாரங்கள் கழித்துப் பார்த்து, மறுபடி முளைத்ததைப் பிடுங்க வேண்டும்.

உண்பவர் கவனத்துக்கு

இன்னதென்று உறுதியாகத் தெரியாத செடியைக் கீரையாகவோ மருந்தாகவோ உண்ணக் கூடாது. கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் கீரையை மட்டும் நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சரியான மூலிகையாக இருந்தாலும், எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு உண்பதே பாதுகாப்பு.