ஐஸ் சுவரில் ஏறுவது காலால்

கோடையில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போகிறவர்களை இரண்டு விஷயங்கள் படுத்தியெடுக்கும். ஒன்று மழை. மற்றது மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி. கடித்த பிறகுதான் இருப்பதே தெரியும். இரண்டுக்கும் பயந்துதான் நானும் தங்கை மகனும் கின்லாக்லெவன் என்ற சிற்றூரில் ஐஸ் ஃபாக்டர் கூடத்துக்குள் ஒதுங்கினோம். 1909இல் ஓடத் தொடங்கிய அலுமினிய உருக்காலையை மூடிய பிறகு, அதன் கட்டடம் ஒன்றை 2003இல் மலையேற்றக் கூடமாக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு மாபெரும் குளிர்பதன அறை. அதில் மூன்று, நான்கு மாடி உயரத்துக்கு அசல் ஐஸ் சுவர்.

ஹெல்மெட், ஹார்னஸ், விறைப்பான பூட்ஸ், அதன் அடியில் மாட்டும் கிராம்பான் என்ற பல் சட்டம், இரண்டு கோடரிகள் எல்லாம் அங்கேயே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது தடித்த கம்பளிக் காலுறையும் இரண்டு ஜோடிக் கையுறைகளும்: ஏறும்போது மெல்லியது, கீழே நிற்கும்போது தடித்தது. தொளதொள பேன்ட் வேண்டாம். கிராம்பான் பல் மாட்டிக் கிழிக்கும். பூட்ஸைப் போட்டதும் தரையில் முன்பக்கமாக உதைத்துப் பாருங்கள். கட்டைவிரல் போய் இடித்தால் கூச்சப்படாமல் அடுத்த அளவைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும்.

ஐஸ் ஏற்றத்தைக் கைபலம் காட்டும் விளையாட்டு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பாதியிலேயே முன்கை இறுகித் தொங்குவதும், ஒல்லியான பெண்கள் அலட்டிக்கொள்ளாமல் உச்சிக்குப் போவதும் அங்கே சாதாரணக் காட்சி. கிராம்பானின் முனையில் நீட்டியிருக்கும் இரண்டு பற்கள்தான் உடம்பைத் தாங்குகின்றன. 1929இல் இத்தாலியின் லோரான் கிரிவெல் சேர்த்த பற்கள் அவை. முழங்காலிலிருந்து காலை வீசி, ஒரே உதையில் பற்களைப் பதித்துவிட்டு, குதிகாலைத் தாழ்த்தி வைக்க வேண்டும். பயத்தில் நுனிக்காலில் எம்பத்தான் தோன்றும். ஆனால் குதிகால் உயர்ந்தால் பற்கள் நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். “மாமா, மேலே பார்த்தது போதும், காலைப் பாருங்க!” என்று கயிறு பிடித்திருந்தவன் கத்திக்கொண்டே இருந்தான். பயிற்சியாளர் சொன்னதும் அதேதான்: பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரே மட்டத்தில் வைத்து நின்ற பிறகுதான் அடுத்த கோடரி வீச்சு.

கோடரியைக் காதால் கற்றுக்கொள்ளலாம். ஆணி அடிப்பதுபோல முழங்கையிலிருந்து வீசி, கடைசியில் மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்க வேண்டும். ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் பிடித்துவிட்டது. ‘டங்’ என்று கேட்டால் ஐஸ் தட்டு வடிவில் பெயர்ந்து மூக்கை நோக்கி வரும். இரண்டு கோடரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தாலும் இடையிலுள்ள ஐஸ் உடையும். முன்னால் ஏறியவர்கள் விட்டுப்போன துளைகள் நிறைய இருக்கும். அவற்றில் கோடரியின் அலகை மாட்டி ஏறினால் பாதி உழைப்பு மிச்சம். அலகு கீழ்நோக்கிச் சாய்ந்த கோடரியை 1970 வாக்கில் வடிவமைத்த ஹேமிஷ் மக்கின்னஸ் வாழ்ந்தது பக்கத்திலுள்ள கிளென்கோவில்தான். அதுவரை ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஐஸில் படி வெட்டி வெட்டியே ஏறினார்கள். அந்தப் பொறுமை நமக்கு ஏது!

இறங்கியபின் ஒரு வேதனை காத்திருக்கிறது. தலைக்கு மேலேயே இருந்த கைகளில் ரத்தம் திரும்பப் பாயும்போது விரல்கள் கண்ணீர் வருமளவுக்குக் கடுக்கும். சில நிமிடங்களில் போய்விடும், பயப்பட வேண்டாம். கோடரியை நெரித்துப் பிடிக்காமல், இடையிடையே கையைத் தொங்கவிட்டு உதறினால் அவ்வளவு கடுக்காது. இன்னொருவர் ஏறும்போது நேர்கீழே நின்று படம் எடுக்காதீர்கள். பெயரும் கட்டிகள் கனமானவை.

பயணக் காப்பீட்டில் இதுபோன்ற ஏற்றத்துக்கு இடமுண்டா என்று ஊரிலேயே படித்துப் பார்த்துவிடுங்கள். கூடம் இயங்குகிறதா என்பதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கூடங்கள் மின்சாரத்தை விழுங்குபவை. கிளாஸ்கோ அருகே ஐஸ் சுவர் வைத்திருந்த ஸ்னோ ஃபாக்டர் 2022இல் மூடப்பட்டது. ஏறிய அன்று மாலை நெடுந்தூரம் கார் ஓட்டும் திட்டமும் வேண்டாம். எனக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்துகொடுத்ததே தங்கை மகன்தான்.