பேச்சிப்பாறைப் பலா: வித்துக்கன்றும் ஒட்டுக்கன்றும்

திருவனந்தபுரம் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் பலா பழகிய மரம். கேரள அரசு 2018 மார்ச்சில் அதனை மாநிலப் பழமாகவும் அறிவித்தது. எனினும் இம்மரங்களுள் பல, உண்டபின் எறிந்த கொட்டையினின்று தாமே முளைத்தவை. பலாவின் பொருளாதாரச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. மகரந்தம் பெரும்பாலும் அயல் மரத்தினின்று வந்து சேர்வதால், வித்துக்கன்று தாய்மரத்தை ஒத்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. தாய் வருக்கையாக இருக்க, சேய் கூழனாகி விடலாம். வருக்கையின் சுளை உறுதியானது. வெளியூர்ப் பயணத்தைத் தாங்கும். கூழனின் சுளை குழைந்து வழுக்கும். வீட்டில் உண்ண இனிதாயினும் சந்தைக்கு ஏற்றதன்று. வாய்த்தது எது என்றறிய உழவர் ஏழெட்டு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

இதற்குரிய விடை அருகிலேயே உள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரிப் பகுதியில், பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. முளகுமூடு வட்டாரப் பலாவிலிருந்து தெரிவு செய்து அது வெளியிட்ட இரகமே பேச்சிப்பாறை-1. மரமொன்று ஆண்டுக்கு 107 பழங்கள், அதாவது 1,818 கிலோ தரும் என்பது மதிப்பீடு. பழத்தின் சராசரி எடை 17 கிலோ. சுளை மொறுமொறுப்பும் நறுமணமும் உடையது. பண்ணுருட்டி வட்டாரத்தில் தோன்றிய பாலூர்-1 இரகத்திற்குக் கூறப்படும் விளைச்சல் 80 பழங்கள், 900 கிலோ. இவை தேர்ந்த பராமரிப்பில் கிடைத்த அளவுகள். தென்னைக்கும் மிளகுக்கும் இடையே நெருங்கி நிற்கும் மரத்திடம் இவற்றை எதிர்பார்த்தல் தகாது.

விளைச்சலைக் காட்டிலும் பருவமே எம் கருத்தில் முதன்மையானது. பேச்சிப்பாறை-1 ஏப்ரல் முதல் ஜூன் வரை காய்ப்பதுடன், நவம்பர், டிசம்பரிலும் பயன் தருகிறது. கோடையில் எல்லா மரங்களும் ஒருசேரப் பழுக்க, விலை வீழ்ந்து பழங்கள் மரத்தடியிலேயே அழுகுகின்றன. பருவமல்லாக் காலத்துப் பழத்திற்கு அத்தகைய போட்டி இல்லை.

வித்துக்கன்று மலிவு, ஒட்டுக்கன்று விலை கூடியது. கன்று வழங்கும் திட்டங்களில் எண்ணிக்கையே சாதனையாகக் கொள்ளப்படுமாயின், மலிவானதே வெல்லும். ஆண்டறிக்கையில் இரண்டும் ஒரே இலக்கமாகத்தான் தோன்றும்! ஆனால் சில சென்ட் நிலமே உடையவர்க்கு, ஒரு மரம் தலைமுறைக்கும் பிடிக்கும் இடமே பெருஞ்செலவு. ஒட்டுக்கன்றோ நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்குவதுடன், தாய்மரத்தின் குணத்தையும் காக்கிறது.

நடுகையில் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது அடிக்கன்றின் தளிர். அதனை அவ்வப்போது கிள்ளி எறியாவிடில், அதுவே மேலோங்கி ஒட்டுக்கிளையை நலியச் செய்துவிடும்.