சொட்டு நீருக்கு மானியம்

கத்தரித் தோட்டத்து வரப்பில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். மோட்டார் முக்கால் மணி நேரம்தான் ஓடியது. கிணறு வற்றிவிட்டது. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. பாதியை வாய்க்கால் மண்ணே குடித்துவிட்டது.

அந்தப் பக்கம் வந்த வேளாண்மை உதவி அலுவலர் கேட்டார்.

“சொட்டு நீர் போடலாமே, அம்மா?”

“அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன், தம்பி?”

“நிலம் எவ்வளவு?”

“ரெண்டு ஏக்கர்.”

“அப்படியானால் அரசு மானியம் கிடைக்கும். சிட்டா எடுத்து வாருங்கள்.”

சொட்டு நீரில் வாய்க்கால் கிடையாது. தண்ணீர் குழாய் வழியே போகும். ஒவ்வொரு செடியின் வேரிலும் சொட்டுச் சொட்டாக விழும். களையும் குறையும். ஆனால் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தருகின்றன. இதற்கு ஒரு விலை வரம்பு உண்டு. அதற்கு மேல் ஆகும் செலவு நம்முடையது.

அரசு ஏன் இந்தப் பணத்தைத் தருகிறது? நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். தண்ணீரை இறைக்கவும் அரசு செலவு செய்கிறது. இறைத்ததைச் சேமிக்கவும் செலவு செய்கிறது!

மற்ற இடங்களிலும் இப்படி உதவுகிறார்கள். ஹரியானாவில் 2020-இல் ஒரு திட்டம் வந்தது. நெல்லை விட்டு, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்றார்கள். அமெரிக்காவில் 1985-இல் ஒரு சட்டம் வந்தது. மண் அரிக்கும் நிலத்தில் உழாமல் புல் வளர்த்தால், அரசு ஆண்டுதோறும் வாடகை தரும். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுக்கு.

நம் அம்மாவின் கதைக்கு வருவோம். சிட்டாவை எடுத்துப் பார்த்தார். அதில் மாமனார் பெயர் இருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உழுவதும் விதைப்பதும் இந்த அம்மாதான். ஆனால் தாளில் அவர் பெயர் இல்லை. தாளில் பெயர் இல்லாவிட்டால் மானியம் இல்லை.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வாங்கினார். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்தார். கொழுந்தனார் முதலில் கையெழுத்துப் போட யோசித்தார். பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். ஒரு பருவம் போய்விட்டது.

பட்டா வந்தது. அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு விவசாயி சான்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். குழாய் நிறுவனத்தார் வந்து அளந்தார்கள். விலைப்பட்டியல் கொடுத்தார்கள். எத்தனை மீட்டர் குழாய், என்ன அளவு என்று அதில் இருந்தது. அம்மா ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான் வந்து இறங்கியதும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். ஒரு சுருள் குழாய் குறைந்தது.

“அது நாளைக்கு வந்துவிடும், அம்மா. இங்கே கையெழுத்துப் போடுங்கள்.”

“நாளைக்கு வரட்டும், தம்பி. நாளைக்கே போடுகிறேன்.”

மானியப் பணம் பெரும்பாலும் நம் கைக்கு வராது. குழாய் போட்ட நிறுவனத்துக்குப் போகும். வேலை முடிந்தது என்று நாம் போடும் கையெழுத்துக்கு அத்தனை மதிப்பு. அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மறுநாள் சுருள் வந்தது.

பயிற்சி:

உங்கள் வீட்டுச் சிட்டாவை எடுங்கள். யார் பெயர் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா? நிலத்தின் அளவு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஏறக்குறைய நாற்பதரை ஏர் ஓர் ஏக்கர். 81 ஏர் என்று இருந்தால் எத்தனை ஏக்கர்?